பன்னிரண்டு மணிக்குள் ஒரு பெட்டி

எர்லானால் அந்த ஊரில் ஓரிடத்தில் நிலைகொள்ள முடியவில்லை. உட்கார்ந்தால் நெஞ்சு படபடத்தது, எழுந்தால் தலை சுற்றியது, நாலு எட்டு நடந்தால் மூச்சு முட்டியது. லா பாஸ் நகரம் காற்று மெலிந்த உயர மலைகளுக்கு நடுவே ஒரு வாணலியைப் போலக் குழிந்து கிடக்கிறது. அவன் மைத்துனன் செவேரோவின் வீடு அந்த வாணலியின் விளிம்பில். ரொட்டி வாங்கக்கூடப் படி இறங்க வேண்டும், இறங்கியவன் திரும்ப ஏறி வரவும் வேண்டும். ஒவ்வொரு தடவை ஏறும்போதும் எர்லான் பாதியில் நின்று சுவரைப் பிடித்துக்கொண்டு, "மனுஷன் குடியிருக்குற எடமா இது, ஆடு குடியிருக்குற எடம்" என்று திட்டுவான். கேட்க ஆள் இல்லையென்றால் சுவரிடமே சொல்லுவான்.

ஊரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவன் பிறந்து வளர்ந்த ரிபெரால்தா கீழே காட்டுக்குள், ஆற்றங்கரையில், உள்ளங்கை மாதிரித் தட்டையாக இருக்கிற ஊர். அங்கே யாரும் நடப்பதில்லை. அடுத்த தெருவில் உப்பு வாங்கக்கூட மோட்டார் சைக்கிள்தான். ஒரே வண்டியில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளை, ஒரு நாய் எல்லாம் போகும். அந்த வண்டிகளை ரிப்பேர் பார்த்துப் பிழைப்பவன் எர்லான். அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய் மலையில் விட்டால் அவன் வேறு எப்படித்தான் இருப்பான்.

ஆனால் அவன் தவிப்புக்கு மலை மட்டும் காரணமில்லை. அவன் மனைவி மார்லெனி இந்த ஊர்க்காரி. போன குளிர்காலத்தில் செவேரோவுக்குக் கை முறிந்தபோது, "அண்ணனுக்குக் கொஞ்ச நாள் ஒத்தாசையா இருந்துட்டு வர்றேன்" என்று மேலே வந்தவள் இன்னும் இறங்கவில்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இருந்ததால் அவர்கள் அப்பாவோடு தங்கிவிட்டார்கள். அண்ணனுக்குக் கை கூடியது. பிறகு வீட்டுக் கூரையை மாற்ற வேண்டும் என்றாள். பிறகு ஜனவரிச் சந்தை முடியட்டும் என்றாள். தினமும் சாயங்காலம் போனில் பிள்ளைகளோடு பேசி அழுதாள், அழுது முடித்ததும் இன்னொரு காரணம் சொன்னாள். எர்லான் எல்லாவற்றுக்கும் சரி, சரி என்றான். சரி சொல்லிச் சொல்லியே ஒரு நாள் பொறுமை தீர்ந்துபோய், விடுமுறையில் இருந்த அனாயியையும் ரூதியையும் கிளப்பிக்கொண்டு, மழைக்காலச் சேற்றில் சிக்கிச் சிக்கி வருகிற பஸ்ஸில் ஏறிவிட்டான். அனாயிக்குப் பதினொரு வயது, ரூதிக்கு ஆறு. சந்தைக்கு மறுநாள் காலை ஊர் திரும்ப நாலு டிக்கெட் எடுத்துச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்திருந்தான். நாலாவது டிக்கெட்டைப் பற்றி மார்லெனியிடம் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

வந்த அன்று ரூதி பஸ் நிலையத்திலேயே வாந்தி எடுத்தான். அனாயி தலையைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். மார்லெனி உயரத்துக் கிறுகிறுப்புக்கு மருந்தாகக் கோக்கா இலை போட்டுத் தண்ணீர் காய்ச்சி மூன்று பேருக்கும் கொடுத்தாள். பிள்ளைகள் இரண்டும் தேறி, படிகளில் ஏறி இறங்கி விளையாட ஆரம்பித்துவிட்டன. எர்லான் குடித்தது மட்டும் ஏனோ வேலை செய்யவில்லை. "அப்பா, இன்னுமா வர்றே?" என்று ரூதி மேல் படியிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் அவனுக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அவமானம் படுக்கை விஷயத்தில். மார்லெனி பிள்ளைகளைத் தன்னோடு படுக்க வைத்துக்கொண்டு, அவனுக்குச் செவேரோவின் பட்டறையில் பாய் விரித்திருந்தாள். "நீ குறட்டை விடுவே, புள்ளைங்க தூக்கம் கெடும்" என்றாள். பன்னிரண்டு வருஷமாக விடுகிற குறட்டைதான் அது.

சந்தை நாள் காலையில் அந்தப் பட்டறையில்தான் அவளைப் பிடித்தான். செவேரோ பிளாஸ்டர் வீடு வார்ப்பவன். உள்ளங்கையில் அடங்குகிற வீடுகள். சிவப்புக் கூரை, பச்சைக் கதவு, சிலதில் மாடியில் துணி காயப்போட்ட கயிறுகூட இருக்கும். வர்ணம் அடிப்பது மார்லெனி. அவள் ஒவ்வொரு வீடாகச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மார்லெனி, ஒரு விஷயம் பேசணும்."

"பேசு. காது சும்மாதான இருக்கு."

"இப்படி இல்ல. உக்காந்து பேசணும்."

"இன்னிக்கு உக்காந்தா வருஷம் பூரா உக்காந்திருக்க வேண்டியதுதான். பன்னெண்டு மணி அடிச்சு முடியட்டும், பேசுவோம்."

"முடிஞ்சதும் வேற ஏதாவது ஆரம்பிச்சிருவே."

மார்லெனி நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். "கால்ல வெந்நீரை ஊத்திக்கிட்டாப்புல ஏன் நிக்கிறே? வந்ததுலேர்ந்து பாக்குறேன். ஒண்ணு வாசலுக்கும் கொல்லைக்கும் நடக்குறே, இல்லாட்டி சன்னலைத் தொறந்து மூடுறே."

"மூச்சு முட்டுது."

"அதுக்குச் சன்னல் என்ன பண்ணும்?"

மூலையில் கடைப் பலகைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த செவேரோ, வாயில் இருந்த ஆணியோடே சிரித்தான். "விடு மாப்ளே. இன்னிக்கு அவ உனக்குப் பொண்டாட்டி இல்ல, யாவாரி. யாவாரிகிட்டப் பேசணும்னா வீடு வாங்கு."

"எனக்கு வீடு இருக்கு மச்சான்."

"அதுவும் நான் அனுப்புன வீடுதான்" என்றான் செவேரோ.

இது பழைய வழக்கு. ஜனவரி இருபத்துநாலாம் தேதி இந்த ஊரே சந்தையில் கூடும். சந்தையில் விற்பது எல்லாமே குட்டி. வீடு வேண்டியவர் குட்டி வீடு வாங்குவார், லாரி வேண்டியவர் குட்டி லாரி, படிப்பு வேண்டியவர் நகம் அளவு பட்டச் சான்றிதழ். வாங்கியதைப் பகல் பன்னிரண்டு மணிக்குள் பூசாரியிடம் கொண்டுபோய்ப் புகை காட்டி, சாராயம் தெளித்து, பூவிதழ் தூவி வாங்கிவிட்டால், அந்த வருஷத்துக்குள் அது பெரிதாகி வந்து சேரும். கல்யாணமான முதல் வருஷம் செவேரோ ஒரு வீட்டுக்குப் புகை காட்டி ரிபெரால்தாவுக்கு அனுப்பினான். அடுத்த மழைக்குள் எர்லான் வீடு கட்டிவிட்டான். வீடு வந்தது அண்ணன் அனுப்பியதால்தான் என்று மார்லெனியும், தான் கிரீஸில் புரண்டு சம்பாதித்ததால்தான் என்று எர்லானும் இத்தனை வருஷமாக விடாமல் சொல்லி வருகிறார்கள்.

"புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போய் ஊரைக் காட்டு. கேபிள் கார்ல ஏத்து" என்றாள் மார்லெனி. "பன்னெண்டுக்கு முன்னாடி மட்டும் கடைப்பக்கம் வந்து என் உயிரை எடுக்காதே. அந்த நேரத்துல எனக்கு மூச்சு விடக்கூட முடியாது."

"அப்போ நீயும் சன்னலைத் தொற" என்று சொல்லிவிட்டு எர்லான் வெளியே வந்தான். அந்தப் பதில் அவனுக்கே பிடித்திருந்தது. பத்துப் படி இறங்குவதற்குள் அந்தச் சந்தோஷமும் தீர்ந்துவிட்டது.

கீழே பெரிய சாலையில் வரிக்குதிரை வேஷம் போட்ட ஒருத்தி வண்டிகளை நிறுத்தி ஜனங்களைக் கடக்க விட்டுக்கொண்டிருந்தாள். அவசரக்கார பஸ் டிரைவர் ஒருவன் கோட்டைத் தாண்டி வந்து நிறுத்த, வரிக்குதிரை அவன் பஸ்ஸுக்கு முன்னால் மண்டியிட்டுக் கும்பிட்டது. பஸ்ஸில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ரூதி ஓடிப்போய் அதன் வாலைப் பிடித்துக்கொண்டான்.

"வாடா, நேரமாச்சு."

"எதுக்கு நேரமாச்சு?" என்றான் ரூதி.

எர்லான் அவன் விரல்களை வாலிலிருந்து பிரித்தான். மார்லெனியிடம் பேச இன்னும் காலை முழுக்க இருந்தது. ஆனாலும் ஏதோ ஒரு பஸ் தன்னை விட்டுவிட்டுக் கிளம்புகிற மாதிரியே அவனுக்கு இருந்தது. வரிக்குதிரை குனிந்து ரூதியைக் கட்டிப்பிடித்து, "அப்பாவை அவசரப்படாமக் கூட்டிட்டுப் போ ராசா, ஊருக்குப் புதுசு போல" என்றது. தன் முகத்தில் அது எழுதியே ஒட்டியிருக்கிறதா என்று எர்லானுக்கு எரிச்சலாக வந்தது.

கேபிள் கார் அதைவிட மோசம். வீடுகளின் கூரைகளுக்கு மேலே, மொட்டை மாடி நாய்களுக்கு மேலே, ஒரு கண்ணாடிப் பெட்டி கம்பியில் தொங்கிக்கொண்டு சத்தமில்லாமல் போனது. பிள்ளைகள் இரண்டு பேரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, பனிமலை அதோ, மாமா வீடு அதோ என்று கத்தினார்கள். எர்லான் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எதிரில் தொப்பி போட்ட ஒரு பெண்மணி மடியில் உருளைக்கிழங்கு மூட்டையோடு நிம்மதியாகத் தூங்கினாள். அந்தத் தூக்கத்தைப் பார்க்கவே அவனுக்குப் பொறாமையாக இருந்தது.

"அப்பா" என்றாள் அனாயி திடீரென்று. "உனக்கு இப்ப வாழைக்காய் வறுக்க வருமா?"

"ஏன் கேக்குறே?"

"சும்மாதான். போன தடவை தீய வெச்சுட்டியே."

"அது சட்டி சரியில்ல."

"அரிசிக்கு ஒண்ணுக்கு ரெண்டு தண்ணி. அதுவாவது தெரியுமா?"

"நீதான் இருக்கியே, அப்புறம் எனக்கு எதுக்கு இந்தக் கணக்கெல்லாம்?"

அனாயி கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அம்மா இல்லாத மாதங்களில் வீட்டில் சோறாக்கியது அவள்தான். எர்லான் அதைப் பற்றி அப்போது மேற்கொண்டு யோசிக்கவில்லை. அவன் மனசு முழுக்க வேறொரு திட்டத்தில் இருந்தது.

திட்டம் மார்லெனி சொன்னதிலிருந்தே பிறந்தது. தனக்கு வேண்டியதைத் தானே வாங்கினால் பலம் குறைவு, இன்னொருவர் வாங்கிக் கையில் வைக்க வேண்டும் என்று அவள் வருஷா வருஷம் சொல்லுவாள். கையில் வைத்ததை வேண்டாம் என்று தள்ளக் கூடாது, தள்ளினால் கொடுத்தவருக்கு ஆகாது என்றும் சொல்லுவாள். அவள் சொல்லும்போதெல்லாம் எர்லான் ஸ்பானரால் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தவன். இப்போது அதே பேச்சைப் பிடித்துக்கொண்டு தொங்கினான். ஒரு குட்டிப் பெட்டி வாங்குவது. பெட்டி என்றால் பயணம். அதை அவள் கையில் வைத்துவிடுவது. அவளே அதைப் புகைக்குக் கொண்டுபோவாள், தள்ள மாட்டாள். பிறகு நாலாவது டிக்கெட்டை எடுத்துக் காட்டுவது. பேசிப் பேசிச் செய்ய முடியாததை இந்தப் பெட்டி செய்துவிடும். அது நடக்காவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் அவன் யோசிக்கவே இல்லை. யோசிக்கத் தொடங்கினால் நெஞ்சு இன்னும் வேகமாக அடித்துக்கொண்டது.

சந்தைக்குப் போனபோது கால் வைக்க இடமில்லை. குட்டி அரிசி மூட்டை, குட்டி எண்ணெய் டின், குட்டிக் கம்ப்யூட்டர், கட்டைவிரல் அளவு ரொட்டி. ரூதி எல்லாவற்றையும் வாயில் போடப் பார்த்தான். எர்லான் ஒரு கையால் அவனை இழுத்துக்கொண்டு இன்னொரு கையால் கூட்டத்தை விலக்கினான்.

"அப்பா, மாமா குடுத்த காசு இருக்கு. நான் ஒண்ணு வாங்கணும்" என்றாள் அனாயி.

"என்ன வாங்கப் போறே?"

"சொல்லக் கூடாது. குடுக்குறப்பதான் காட்டணும்."

"சரி, வாங்கிட்டு நேரா அம்மா கடைக்கு வந்திரு. வழி தெரியுமில்ல?"

"உனக்குத்தான் தெரியாது" என்று சொல்லிவிட்டு அவள் கூட்டத்தில் நுழைந்து போய்விட்டாள்.

பெட்டிக் கடைக்காரி வாயில் கோக்கா இலையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எர்லான் தீப்பெட்டி அளவில் ஒரு பழுப்புப் பெட்டியை எடுத்தான். கொக்கி திறந்து மூடியது. உள்ளே ஒரு குட்டி டிக்கெட், மடித்த ஒரு குட்டிச் சட்டை.

"யாருக்கு ராசா?"

"பொண்டாட்டிக்கு."

"அனுப்பி வெக்கவா, கூட்டிட்டுப் போகவா?"

"கூட்டிட்டுப் போகத்தான்."

"அப்போ அவளைக் கேட்டுட்டியா?"

"பெட்டிதானே கேக்குறேன், புத்தி கேக்கலையே" என்றான் எர்லான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. இலையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளிவிட்டு, "கீழ்நாட்டாரு சூடாத்தான் இருக்காரு" என்று பக்கத்துக் கடைக்காரியிடம் சொன்னாள்.

அவன் மார்லெனியின் கடைக்கு வந்து சேர்ந்தபோது பன்னிரண்டு அடிக்கக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் ஊருக்கே வீடு வேண்டியிருந்தது. கடைக்கு முன்னால் ஜனங்கள் நாலு வரிசை, வரிசை என்று சொல்வதுகூடத் தப்பு, ஒரே நெரிசல். "ரெண்டு மாடி குடுங்க தாயி", "கராஜ் வெச்சது இருக்கா", "என் மாமியாருக்கு, மாடி வேணாம், முட்டி வலி" என்று கைகள் நீண்டன. மார்லெனி நிமிரவில்லை. ஒரு கையால் வீட்டை எடுத்தாள், ஒரு கையால் காசை வாங்கினாள், பல்லால் பையைக் கிழித்தாள். நெற்றியில் ஒரு பொட்டு வியர்வை இல்லை. எர்லான் ரூதியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, முழங்கையால் இடித்து இடித்து முன்னால் வந்து, பெட்டியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"மார்லெனி, இந்தா."

சத்தத்தில் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. அவள் நீட்டிய கையை மட்டும் பார்த்தாள்.

"பெட்டி நம்மகிட்ட இல்லீங்க, அடுத்த சந்து" என்று சொல்லிவிட்டு, அவன் கைக்கு மேலாக எட்டி வேறொருத்தருக்கு ஒரு மாடி வீட்டைக் கொடுத்தாள்.

கிரீஸ் அழுக்கு ஏறி, ஒரு நகம் பாதியாக இருக்கிற அந்தக் கையைப் பன்னிரண்டு வருஷமாகப் பார்த்தவள். எர்லான் மறுபடி நீட்டப் போனான். யாரோ பின்னால் தள்ளினார்கள். ரூதி அவன் தலைமயிரைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, "அம்மா, மேல பாரு" என்று கத்தினான். அதற்குள் மணி அடித்துவிட்டது.

கோயில் மணி அடித்தது, வெடி வெடித்தது, பஸ்கள் ஹாரன் அடித்தன. ஊர் மொத்தமும் கையில் இருந்ததைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தது. சந்தையின் மேல் கோடியில், படிகளுக்கு மேலே, பூசாரிகளின் தணலிலிருந்து புகை எழுந்து கூட்டத்தின் மேல் பரவியது. சாராயமும் சாம்பிராணியும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. எர்லான் மட்டும் பெட்டியை இறுகப் பிடித்த கையை இடுப்புக்குக் கீழே வைத்துக்கொண்டு நின்றான். இப்போது தூக்கினால் என்ன, தூக்காவிட்டால் என்ன. பெட்டி அவள் கைக்குப் போகவே இல்லையே. அவன் அதைச் சட்டைப் பையில், டிக்கெட்டுகளோடு திணித்தான்.

மணி ஓய்ந்ததும் நெரிசல் தளர்ந்தது. செவேரோ பீர் வாங்கப் போனான். மார்லெனி முதுகை நிமிர்த்தி, அப்போதுதான் எர்லானைப் பார்த்தாள்.

"எப்போ வந்தே?"

"இப்பதான்" என்றான் அவன்.

படிப்பக்கமிருந்து அனாயி ஓடி வந்தாள். தலைமயிரெல்லாம் மஞ்சள் பூவிதழ், சட்டையில் புகை வாடை. இரண்டு கையையும் பொத்தி எதையோ வைத்திருந்தாள்.

"அப்பா, கையை நீட்டு. கண்ணை மூடு."

"நீட்டுறேன், மூட மாட்டேன். இந்த ஊர்ல கண்ணை மூடினா விழுந்துருவேன்."

அவள் அவன் உள்ளங்கையில் ஒரு வெள்ளைக் கோழியை வைத்தாள். பிளாஸ்டர் கோழி, சிவப்புக் கொண்டை, இன்னும் சாராயத்தில் ஈரமாக இருந்தது.

சுற்றி நின்ற பெண்கள் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். எர்லானுக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்துக் கடையில் குட்டி லாரி விற்கிற அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணே, ஆளில்லாத ஆம்பளைக்குத்தான் கோழி குடுப்பாங்க" என்றாள். "வருஷம் முடியறதுக்குள்ள ஒரு பொம்பளை வந்து சேருவா. மக உங்களுக்குப் பொண்ணு பாத்துட்டா."

"நல்லா முட்டையிடுற கோழியாப் பாத்தியா பாப்பா?" என்றாள் இன்னொருத்தி.

எர்லான் மார்லெனியைப் பார்த்தான். ரிபெரால்தாவில் ஒரு பெண் அடிக்கடி பிரேக் சரிபார்க்க வருகிறாள் என்பதற்காக அவன் மேல் ஸ்பானரை வீசியவள் மார்லெனி. அது காதுக்குப் பக்கத்தில் போய்ச் சுவரில் பட்டுக் காரை பெயர்ந்தது. அவன் அந்த ஸ்பானருக்காகக் காத்திருந்தான். மார்லெனி மற்றவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு துளி கோபம் இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். அவள் மகளின் தலையிலிருந்து பூவிதழைத் தட்டிவிட்டு, "நல்ல கோழிதான்" என்றாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"தெரியாம வாங்கிட்டியாம்மா?" என்று அவன் அனாயியைக் கேட்டான்.

"தெரிஞ்சுதான் வாங்கினேன்." அனாயி தன் செருப்பைப் பார்த்துப் பேசினாள். "நாங்க இங்க அம்மாகூட இருந்துட்டா நீ தனியா இருப்பே. சோறு குழைய விட்டுருவே. கடைக்காரம்மாகிட்டச் சொன்னேன், அப்படின்னா கோழிதான்னு அவங்கதான் எடுத்துக் குடுத்தாங்க."

"நீங்க இங்க இருக்கப் போறதா யார் சொன்னா?"

அனாயி அம்மாவைப் பார்த்தாள். மார்லெனி கடைப் பலகையில் கிடந்த செய்தித்தாள் துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினாள். பிறகு கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அவனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நான் உன்கிட்டச் சொல்லிட்டுத்தான் அவகிட்டச் சொல்லியிருக்கணும். அது என் தப்பு. ராத்திரி பக்கத்துல படுத்துக்கிட்டு அவ கேட்டா, பொய் சொல்ல வரல. நான் கீழ வரல, எர்லான்."

"அங்க உனக்கு என்ன கொறை வெச்சேன்?"

"நீ ஒரு கொறையும் வெக்கல. உன்மேல எனக்கு வருத்தம் கெடையாது. நீ இங்க வந்ததுலேர்ந்து எப்படி இருக்கே, சொல்லு."

"எப்படி இருக்கேன்? உக்கார முடியல, நிக்க முடியல, தூக்கம் கெடையாது."

"நான் அங்க பன்னெண்டு வருஷம் அப்படித்தான் இருந்தேன்."

எர்லானுக்கு அவள் நடுநிசியில் எழுந்து கொல்லைக்கதவைத் திறந்து நிற்பது ஞாபகம் வந்தது. தரையில் தண்ணீரைத் தெளித்து அதன் மேல் படுப்பது, மத்தியானத்தில் வாசலுக்கும் அடுக்களைக்கும் சும்மா நடப்பது, எல்லாம் ஞாபகம் வந்தது. "ஏன் இப்படி அலையுறே, ஒரு எடத்துல உக்காரேன்" என்று அவளை எத்தனையோ தடவை அதட்டியிருக்கிறான்.

"ஏன் சொல்லல?" என்றான்.

"சொன்னேனே. நீ ஃபேன் வாங்கிட்டு வந்தே."

ஆமாம், வாங்கினான். ஒன்று பத்தாது என்று இரண்டாவதும் வாங்கினான். அதை மாட்டிவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று வேலைக்குப் போய்விட்டான். அவனுக்குச் சண்டை போட வேண்டும் போல இருந்தது, ஆனால் எந்த இடத்தில் பிடித்துச் சண்டை போடுவது என்று தெரியவில்லை. தோளில் இருந்த ரூதி நெளிந்தான்.

"அப்பா, உன் பாக்கெட்ல என்னமோ குத்துது."

ரூதியே குனிந்து கையை விட்டுப் பெட்டியை வெளியே எடுத்துவிட்டான். கொக்கியைத் திறந்து, "ஐ, பெட்டி. யாருக்கு இது?" என்றான்.

மார்லெனி பெட்டியைப் பார்த்தாள். அந்தப் பழுப்புப் பெட்டியும் அதை நீட்டிய கையும் அப்போதுதான் அவளுக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டாள். உனக்குத்தான் என்று எர்லான் சொல்லியிருந்தால் இப்போதும் அவள் அதைக் கையில் வாங்கியிருப்பாள், தள்ளியிருக்க மாட்டாள். அது அவனுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அவனால் சொல்ல முடியவில்லை.

"உங்க ரெண்டு பேருக்கும்தான்" என்றான் எர்லான். ரூதியை இறக்கிவிட்டு, பெட்டியை வாங்கி அனாயியின் கையில் வைத்தான். "லீவு விட்ட உடனே இதைத் தூக்கிக்கிட்டுக் கீழ வந்திரணும். அப்பா பஸ் ஸ்டாண்டுல வண்டியோட நிப்பேன். சேறு, மழைன்னு சாக்குச் சொல்லக் கூடாது."

அனாயி பெட்டியை மூக்குக்கு அருகில் கொண்டுபோய் முகர்ந்தாள். "புகை காட்டலையா அப்பா?"

"இல்லம்மா. நேரம் தப்பிருச்சு."

"அப்போ இது பலிக்காதே." அவள் உதடு கோணியது. கோழியைத் துணிச்சலாகக் கொடுத்த பெண் அவள். இப்போது பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழப் பார்த்தாள். "நாங்க எப்படி வர்றது?"

படிகளுக்கு மேலே கடைசிப் பூசாரி தணலைக் கொட்ட ஆரம்பித்திருந்தார். மார்லெனி அதை நிமிர்ந்து பார்த்தாள். மகளின் கையிலிருந்து பெட்டியைப் பிடுங்கினாள், பாவாடையை ஒரு கையால் தூக்கிக்கொண்டாள், கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். ஜனங்களை இடித்துக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி, "ஐயா, அணைச்சிராதீங்க, ஒண்ணே ஒண்ணு, புள்ளைங்களுது" என்று கத்திக்கொண்டே மேலே ஓடினாள். ஓடிக்கொண்டே கத்துவதற்கு அவளிடம் மூச்சு இருந்தது.

"அம்மா எப்படி ஓடுறா பாரு" என்றான் ரூதி.

எர்லான் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். பன்னிரண்டு வருஷத்தில் அவள் ஓடி அவன் பார்த்ததில்லை. மழை வந்தால்கூட மெதுவாகத்தான் நடப்பாள். அவளுக்கு ஓட வராது என்றே அவன் நினைத்திருந்தான்.

ஒரு கிழவர் கடைக்கு முன்னால் வந்து பச்சைக் கதவு வைத்த வீட்டைத் தொட்டுக் காட்டி, "இது எவ்வளவு தம்பி?" என்றார்.

"தெரியலீங்க. வீட்டுக்காரி வரட்டும்" என்றான் எர்லான். கோழியைச் சட்டைப் பையில், நாலு டிக்கெட்டுக்கும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவளுடைய முக்காலியில் உட்கார்ந்தான்.